எஞ்சின் ஓடுகிறதா என்று முதலில் கேட்காதீர்கள்

போன வருடம் பனி கரைகிற சமயத்தில் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். ஒன்றரை ஏக்கரில் வீடு வாங்கியிருக்கிறார். பழைய தோட்ட டிராக்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, தன் கையாலேயே சரிசெய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

“அண்ணா, ஒரு கப் கேடட் பார்த்து வெச்சிருக்கேன். புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க. வீடியோல எஞ்சின் ஜம்முனு ஓடுது. அட்வான்ஸ் அனுப்பிடவா?”

“அதுல என்னென்ன இல்லைன்னு பார்த்தீங்களா?”

“இல்லாததை எப்படிண்ணா பார்க்கிறது?”

நியாயமான கேள்விதான். பென்சில்வேனியாவில் சின்ன எஞ்சின்கள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இப்படி ஆசையாக வாங்கி, பிரித்துப்போட்டு, பாதியில் நின்றுபோன டிராக்டர்கள் பெட்டி பெட்டியாக என்னிடம் வருகின்றன. எஞ்சின் சரியில்லாமல் நின்றவை அவற்றில் குறைவு. ஏதோ ஒரு கம்பியோ, ஒரு தகடோ கிடைக்காமல் நின்றவைதான் அதிகம்.

தோட்ட டிராக்டர் என்றதும் நம் ஊர் பவர் டில்லரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நான்கு சக்கரமும் ஸ்டீயரிங்கும் உள்ள குட்டி டிராக்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களைச் சுற்றி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வீடுகள் பெருகியபோது, பண்ணை டிராக்டருக்கும் புல்வெட்டிக்கும் நடுவில் ஒன்று தேவைப்பட்டது. புல் வெட்டும், பனி தள்ளும், சின்னக் கலப்பை இழுக்கும். இன்று கடைகளில் விற்கும் புல்வெட்டி டிராக்டர் பெரும்பாலும் மடித்த தகடு. அறுபதுகளில் வந்த நல்ல தோட்ட டிராக்டர் வார்ப்பிரும்பு. அறுபது வருடம் வெயிலிலும் பனியிலும் கிடந்ததை இன்னும் எழுப்ப முடிகிறது என்றால் காரணம் அந்த இரும்புதான்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இல்லாததைப் பார்க்க, அதே மாடலின் பழைய உதிரிபாகப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் உள்ள ஒவ்வொன்றும் வண்டியில் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். பானெட், முன் கிரில், மட்கார்டு, எஞ்சினைச் சுற்றியுள்ள காற்றுத் தகடுகள், கருவியைத் தூக்கும் நெம்புகோல், அதன் இணைப்புக் கம்பிகள், புல்வெட்டும் தளம், அதை வண்டியோடு மாட்டும் சட்டம். பிஸ்டன், கேஸ்கெட், பேரிங், ஆயில் சீல் எல்லாம் இன்றும் வாங்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மாடலின் பானெட்டைப் பெரும்பாலும் யாரும் புதிதாக அச்சடித்து விற்பதில்லை. அதே மாடலில் இன்னொரு வண்டி செத்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். முழுமையாக இருக்கும் துருப்பிடித்த வண்டி, பளபளவென்று ஓடும் அரைகுறை வண்டியைவிட மலிவு. நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எந்த மாடல்? இதில் என் சார்பு எனக்கே தெரியும். கப் கேடட் பக்கம் சாய்வேன். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் 1960 கடைசியில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. முதல் மாடலில் கோலர் நிறுவனத்தின் கே161 எஞ்சின், 7 குதிரைத்திறன். கியர்பாக்ஸின் உள்ளமைப்பு அவர்களுடைய ஃபார்மால் கப் பண்ணை டிராக்டரின் வழியில் வந்தது. 1963-ல் வந்த 70, 100 மாடல்களில் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு பெல்ட்டை எடுத்துவிட்டு நேரே தண்டு வைத்தார்கள். பெல்ட் வழுக்குவது என்ற தொல்லையே போயிற்று. 1981-ல் இந்தத் தொழில் எம்டிடி நிறுவனத்துக்குக் கைமாறினாலும் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. நிறைய செய்தார்கள், அதனால் நிறைய செத்தும் கிடக்கின்றன. உதிரிபாகம் தேடுபவனுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

வீல் ஹார்ஸ் இன்னும் எளிது. இந்தியானாவின் சவுத் பெண்டில் எல்மர் பாண்டு 1946-ல் தொடங்கியது. 1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸுக்கும், 1986-ல் டோரோவுக்கும் போனது. பெல்ட்டில் ஓடுவது, பிரிக்கச் சுலபம், முதல்முறை கை வைப்பவருக்கு ஏற்றது.

ஜான் டியர் 110, விஸ்கான்சினின் ஹோரிகான் ஆலையில் 1963-ல் 7 குதிரைத்திறனோடு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியேட்டர் பெல்ட் அமைப்பு அதற்கு உண்டு. அழகான வண்டி, ஆனால் அந்தப் பச்சைக்கும் மஞ்சளுக்குமே தனி விலை. 1969-ல் பேஷியோ என்று ஒரு வரிசை விட்டார்கள். வெள்ளை உடம்பு, பானெட்டும் சீட்டும் மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று வாங்குபவர் விருப்பம். பலர் பிறகு அதன்மேல் பச்சை அடித்துவிட்டார்கள். அந்த வருடங்களின் ஜான் டியர் கையில் கிடைத்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன் மறைவான ஓர் இடத்தில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் நீலம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு காப்பி குடியுங்கள்.

இவற்றில் பலவற்றுக்கும் பொதுவான இதயம் கோலரின் கே வரிசை எஞ்சின். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு. கே241 என்றால் 10, கே301 என்றால் 12, கே321 என்றால் 14, கே341 என்றால் 16 குதிரைத்திறன். கோவைப் பக்கத்துக் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் பிரித்துப் பழகிய கைக்கு இது அந்நியமாகத் தெரியாது. இது பெட்ரோலில் ஓடுவது, அவ்வளவுதான். சிலிண்டரை 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று மூன்று முறை போர் பண்ணி, அதாவது உள்சுவரைக் குடைந்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போடலாம். அதனால் ஜாம் ஆன எஞ்சினைக் கண்டு பயப்படாதீர்கள். ஏற்கெனவே 0.030 வரை போனதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். போயிருந்தால் உள்ளே புது உருளை, அதாவது ஸ்லீவ் அடிக்க வேண்டும், செலவு வேறு கணக்கு.

இந்த எஞ்சினில் ஆயில் பம்பு கிடையாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்ன நாக்கு ஆயிலை அள்ளித் தெளிப்பதுதான் மசகு. ஆயில் குறைந்தாலோ, செங்குத்துச் சரிவில் நெடுநேரம் ஓட்டினாலோ நாக்குக்கு ஆயில் எட்டாது. அலுமினிய ராடு உடைந்து எஞ்சின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படித் துளைத்ததை வாங்காதீர்கள். இன்னொன்று, கே241 முதல் மேலே உள்ள பல எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்ஸ் கியர்கள் இருக்கும். அவற்றின் பேரிங் தேய்ந்து கியர் கழன்றாலும் அதே கதிதான். பழைய எஞ்சினைப் பிரிக்கும்போது பலர் அவற்றை எடுத்துவிடுவார்கள், நானும் எடுத்துவிடுவேன். கொஞ்சம் கூடுதலாக அதிரும், பரவாயில்லை.

எஞ்சினைச் சுற்றியுள்ள காற்றுத் தகடுகளைக் கழற்றாமல் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே எலி கூடு கட்டியிருக்கும். குளிர்விக்கும் இறக்கைகள் அடைபட்டு, ‘ஜம்முனு ஓடுது’ என்ற எஞ்சின் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். வீடியோ பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான்.

எஞ்சின் வேறு பெயராக இருந்தால் யோசியுங்கள். டெகும்சே 2008-ல் எஞ்சின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஓனனின் இரட்டை சிலிண்டர் எஞ்சின் பட்டுப்போல ஓடும். உதிரிபாக விலையைக் கேட்டால் பட்டுப்புடவை விலைதான்.

கியர் வண்டியா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கப் கேடட்டில் முதல் ஹைட்ரோ 123 மாடல். ஒரே நெம்புகோலில் முன்னே பின்னே போகலாம், ஓட்ட சுகம். ஆனால் உள்ளே ஆயில் அழுத்தத்தில் ஓடும் பம்பும் மோட்டாரும் இருக்கின்றன. தண்ணீரும் தூசும் அதற்கு எமன். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதோடு, குளிர்ந்திருக்கும்போது ஓட்டிக் காட்டினால் போதாது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, பிறகு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சூட்டில் இழுவை செத்துப்போனால் பம்பு தேய்ந்துவிட்டது. முதல் வண்டிக்கு நான் சொல்வது கியர்தான்.

அப்புறம் புதுப் பெயின்ட். நான் முதலில் வாங்கிய வண்டி மஞ்சளும் வெள்ளையுமாகப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி இருந்தது. விற்றவர் பெரியவர், நல்ல பேச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரத்தில் கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் வட்டம். பெயின்டைச் சுரண்டினால் வார்ப்பில் விரல் நீள விரிசல், அதன்மேல் பசை, அதன்மேல் பெயின்ட். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், யார் கண்டது. அன்றிலிருந்து போல்ட் தலைகளைப் பார்ப்பேன். கிரீஸின் மேலேயே பெயின்ட் ஓடியிருந்தால் பிரிக்காமல் அடித்தது. பிரிக்காமல் அடித்த பெயின்டுக்கு ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். பின் டயர் வால்வைச் சுற்றி வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருப்பார்கள். அது ரிம்மை உள்ளிருந்தே தின்றிருக்கும்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அதை வீட்டு கேரேஜில் வைத்துப் பிரிக்கப் போகிறீர்கள், பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள். அதனால் இதையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-ல். அதற்கு முந்தைய எந்திரத்தின் பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கவும், அல்லது பெயின்ட் கரைப்பான் பூசி வழித்தெடுக்கவும். சாதாரணத் துணி முகக்கவசம் இதற்கு ஆகாது. நுண்தூசைத் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட கவசம் வேண்டும். அந்த உடையோடு வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றுக்குழாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

துருவை எடுக்கச் சலவை சோடா கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் முறை நன்றாக வேலை செய்யும். ஆனால் நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் கரையும். சாதா இரும்புத் துண்டு போதும். குமிழி விடுவது ஹைட்ரஜன். கதவைத் திறந்துவைத்து, தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இன்றைய வண்டியில் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். அறுபதுகளின் வண்டிகளில் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. நீங்கள் கீழே விழுந்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், வெட்டும் தகடும் சுற்றிக்கொண்டே இருக்கும். புல் வெட்டவும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சீட் சுவிட்ச் ஒன்றை நீங்களே பொருத்திவிடுங்கள். ‘அசல் மாறிவிடும்’ என்று கண்காட்சிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தம்பி அந்தப் புதுப் பெயின்ட் வண்டியைப் பார்க்க நேரில் போனார். தூக்கும் நெம்புகோலும் இல்லை, புல்வெட்டும் தளமும் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கொட்டகையில் கப் கேடட் 122 ஒன்று அகப்பட்டது. அறுபதுகளின் நடுப்பகுதி, கே301 எஞ்சின், கியர் வண்டி. கோழி எச்சம் விரலளவு, எஞ்சின் ஜாம். ஆனால் புத்தகத்தில் உள்ள அத்தனையும் இருந்தது, பானெட்டின் பழைய ஸ்டிக்கர்கூட.

ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே ஆயில் ஊற்றி ஊறவைத்திருக்கிறார். தினமும் வேலை முடிந்து வந்து ஃப்ளைவீலைக் கையால் அசைத்துப் பார்க்கிறார்; நெம்பவோ அடிக்கவோ கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி குறுஞ்செய்தி வந்தது: “அண்ணா, கால் அங்குலம் நகர்ந்துச்சு.”