மூன்றடி உயரத்தில் மதுரை வெயில்

போன வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். அம்மா, மனைவி, நான்கு வயது மகள், நான். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஏழு மணி என்றால் ஒன்பதரை என்று அர்த்தம். அடிவாரத்து ஆலமரத்தடியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, தாமரைக் குளத்தை வேடிக்கை பார்த்து, செட்டிப்புடவில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரரைப் பார்த்து, பேச்சிப்பள்ளத்துக்குப் படியேறி இறங்கியபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மகள் முகம் சிவந்திருந்தது, ஆனால் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"பரவாயில்லையே, வெயிலை நல்லாத் தாங்குறாளே" என்றேன்.

அம்மா அவள் கழுத்தடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "தாங்கலடா, காஞ்சு கெடக்கா. மொதல்ல தண்ணியக் குடு."

அம்மா சொன்னதுதான் சரி. ஏன் சரி என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் உடம்பு சும்மா இருந்தாலும் சூட்டை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் அடுப்பு. உள்ளே 37 டிகிரி, தோலின் மேல் சுமார் 34, 35. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை சூடு தானாகவே வெளியே போய்விடும். மதுரையில் மே மாத மத்தியானம் 38, 39 என்பது சாதாரணம்; சில நாள் 40-ஐயும் தாண்டும். அப்போது திசை மாறிவிடுகிறது. காற்று நம்மிடமிருந்து சூட்டை வாங்காமல் நமக்கே சூட்டைக் கொடுக்க ஆரம்பிக்கிறது. வெயிலில் நின்றால் அதுவேறு: உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயில் ஏறத்தாழ 1000 வாட், கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப் பெட்டியின் அளவு. உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வேர்வை.

வேர்வை சும்மா வழிந்து சொட்டினால் பிரயோசனமில்லை. அது ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த எண் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம், 200 மில்லி. பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளை அதை ஜில்லென்று, 5 டிகிரியில் குடிக்கிறது. அந்தக் குளிர்ச்சி உடம்பின் சூட்டில் அரை டிகிரியைத்தான் குறைக்கும். அதே டம்ளர் தண்ணீர் வேர்வையாக வெளிவந்து முழுக்க ஆவியானால், அது எடுத்துச் செல்லும் சூடு அந்த உடம்பை 9 டிகிரி ஏற்றக்கூடிய அளவு. பதினெட்டு மடங்கு வித்தியாசம். குடிக்கிற தண்ணீர் ஐஸ் தண்ணீரா, பானைத் தண்ணீரா என்பது பெரிய விஷயமில்லை என்று இதனால்தான் சொல்கிறேன். எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. ஜில்லென்று இருந்தால் பிள்ளை இன்னும் நாலு மடக்கு கூடக் குடிக்கும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

சரி, எனக்கும் மகளுக்கும் ஒரே வெயில்தானே, அவளுக்கு மட்டும் ஏன் சீக்கிரம் சூடேறியது? உருளைக்கிழங்கை முழுசாகப் போட்டால் வேக நேரமாகும், துண்டாக்கிப் போட்டால் உடனே வெந்துவிடும். அதே கதைதான். பொருள் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிடும்போது அதன் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகிறது. எழுபது கிலோ ஆளின் தோல் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர். ஒரு கிலோவுக்குச் சுமார் 260 சதுர சென்டிமீட்டர். பதினாலு கிலோ பிள்ளைக்குத் தோல் சுமார் 0.6 சதுர மீட்டர். ஒரு கிலோவுக்கு 430. குளிர்ந்த காற்றில் இது பிள்ளைக்குச் சாதகம், சூட்டைச் சட்டென்று வெளியேற்றிவிடும். தோலைவிடக் காற்று சூடாகிவிட்டால் அதே கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது.

வேர்வையிலும் பிள்ளைகளுக்குக் கை குறைவு. வேர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை இரண்டு, மூன்று வயதுக்குள்ளேயே நிலைத்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சுரப்பியும் பெரியவர்களுடையதைவிடக் குறைவாகவே சுரக்கும். வயசுக்கு வரும் பருவத்தில்தான் அது முழு வேகம் பிடிக்கும். இதோடு மதுரைக் காற்றின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ராமேஸ்வரம் போனால் கடல் ஈரத்தில் வேர்வை காயாமல் பிசுபிசுவென்று ஒட்டும், "ஐயோ, என்னா புழுக்கம்" என்று எல்லோரும் உஷாராகிவிடுவோம். மதுரையில் மே மாத மத்தியானக் காற்று வறண்டது. பிள்ளைக்கு வேர்க்கிற கொஞ்சமும் வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். வேர்வை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. நான் ஏமாந்தது அங்கேதான்.

அடுத்தது உயரம். என் முகம் தரையிலிருந்து ஐந்தரை அடியில் இருக்கிறது, அவள் முகம் மூன்றடியில். தார் ரோடும் கருங்கல் பாறையும் மத்தியானத்தில் 60 டிகிரியைத் தொடும். தரையை ஒட்டிய காற்று அதில் சூடாகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் பாறையிலிருந்து மேல்நோக்கி வீசுகிறது. அடுப்புக்கு அருகில் நிற்பவருக்குத்தானே அனல் அதிகம்? வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை, நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள், ஏறத்தாழ நாலடி உயரத்தில் அளந்தது. மொட்டைப் பாறையில் நடக்கும் பிள்ளை அந்த எண்ணில் வாழவில்லை.

கோயில் பிரகாரங்களில் தேங்காய்நார் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைப்பதும், கல்தரையில் வெள்ளைப் பட்டை அடிப்பதும் இதற்காகத்தான். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, ஈர நார் ஆவியாதலால் குளிர்கிறது. நாம் அந்தப் பட்டைமேல் நடந்துகொண்டே பிள்ளையைப் பக்கத்தில் கல்லில் நடத்திக் கூட்டிப்போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்க்கில் சறுக்குமரம் இரும்பாக இருந்தால் உட்கார வைக்கும் முன் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் வைக்க முடியாவிட்டால் அவர்களால் உட்கார முடியாது. அவர்கள் தோல் இன்னும் மெல்லியது.

இனி நேரக் கணக்கு. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். மதுரை இருப்பது 78-ஐ ஒட்டி. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சித்திரை, வைகாசியில் பகல் 12.15 வாக்கில். சித்திரை பிறந்த ஓரிரு நாளில், ஏப்ரல் நடுவில், அது சரியாகத் தலைக்கு நேர் மேலே நிற்கும். கம்பத்தை நட்டால் நிழலே விழாது. ஆனால் காற்று அதிகமாகச் சூடாவது அப்போதல்ல, இரண்டரை, மூன்று மணிக்கு. அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் வேகம் குறைய ஆரம்பித்த பிறகும், ஓட்டையில் போவதைவிட வருவது அதிகமாக இருக்கும்வரை தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வெயில் விழுவது குழாய், தரை இழக்கும் சூடு ஓட்டை. "பன்னிரண்டு மணி வெயில் போயிடுச்சு, இனி கிளம்பலாம்" என்று இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுபவர்கள் தொட்டி நிரம்புகிற நேரத்தில் போய் நிற்கிறார்கள்.

அதனால் மலையும் பாறையும் விடியற்காலைக்கு. பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். நடுப்பகலுக்குத் தடித்த சுவருள்ள இடமாகப் பாருங்கள். மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பருத்த சுவர்கள். அத்தனை எடையும் இரவில் குளிர்ந்து, பகலில் மெதுவாகத்தான் சூடேறும். வெளியே மூன்று மணி ஆனாலும் சுவருக்கு இன்னும் காலைதான். கூரை உயரம் என்பதால் சூடான காற்று மேலே போய்விடுகிறது. கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டு பாணியில் கட்டியிருக்கிறார்கள், 2023-இல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தின் வேலையும் அதேதான்: சூடான காற்று மேலே ஏற, நிழலான தாழ்வாரத்திலிருந்து காற்று அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். பிள்ளைகளுக்குப் பானை ஓடுகளைவிட அந்தத் தாழ்வாரத்தில் ஓடுவதுதான் பிடிக்கும். அதில் தப்பில்லை.

அழகர்கோயில் மலை வேறு ரகம். "மலைமேல குளிர்ச்சி" என்போம், ஆனால் உயரத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். முந்நூறு மீட்டருக்கு இரண்டு டிகிரிகூடத் தேறாது. கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், அங்கே அந்தக் கணக்கு பதிமூன்று டிகிரியாகிவிடும். பழமுதிர்சோலையிலும் நூபுர கங்கைப் பாதையிலும் நம்மைக் காப்பாற்றுவது மரம். இலை நிழல் தருவதோடு, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக விடுகிறது. மரமும் வேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகளிடம் முறுக்குப் பொட்டலத்தைப் பறிகொடுப்பதற்கு மட்டும் அறிவியலில் தீர்வில்லை.

கார் விஷயத்தில் ஒரு சமாதானமும் வேண்டாம். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும், சூடான காற்று வெளியே வர முடியாது. நிறுத்திய காருக்குள் பத்து நிமிஷத்திலேயே ஏறத்தாழ பத்து டிகிரி ஏறிவிடும், அரை மணிக்குள் இருபது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தால் பெரிய மாற்றம் எதுவும் வராது. புளியமரத்தடியில் நிறுத்தினேன் என்றால், நிழல் நகரும். தூங்குகிற பிள்ளையை "அஞ்சு நிமிஷம்தானே" என்று உள்ளே விடவே கூடாது.

பஸ் ஜன்னல் காற்றும் ஒரு மாயை. காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது அது வீச வீச உடம்புக்குச் சூடு ஏறும், உள்ளே இருக்கும் நீரும் வேகமாகக் குறையும். அதே காற்று ஈரத் தோலில் பட்டால் குளிர்ச்சி. ஒரு பருத்தித் துண்டை நனைத்துக் கழுத்திலும் கைகாலிலும் ஒற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பிள்ளை உடம்பு சுரக்க முடியாத வேர்வையை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். சித்திரைத் திருவிழாவில் அழகர்மேல் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும்போது சுற்றி நிற்கும் கூட்டமும் நனைகிறதே, அந்தக் குளிர்ச்சியின் கணக்கும் இதுதான்.

குடிக்கத் தண்ணீர் என்றால் பதினைந்து கிலோ பிள்ளைக்கு, வீட்டில் இருக்கிற நாளிலேயே சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து ஒன்றேகால் லிட்டர் தேவை. வெயிலில் சுற்றினால் அதற்கு மேல். விளையாட்டு மும்முரத்தில் தாகம் அவர்களுக்கு உறைக்காது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நாமே நாலு மடக்கு கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர், நுங்கு, தர்ப்பூசணி எல்லாம் நல்லது. ஜிகர்தண்டா அருமையான பண்டம், நானே விடமாட்டேன். ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்ந்த அது சாப்பாட்டுக் கணக்கில் வரும், தண்ணீர்க் கணக்கில் வராது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பால் மட்டும் போதும், கூடுதல் தடவை கொடுத்தால் சரி. பையில் ஓர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். குடலில் உப்பும் சர்க்கரையும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து நுழையும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். இதை வைத்துத்தான் 1971-இல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் காலராவிலிருந்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கக் கூடாது.

பிள்ளை துவண்டுபோய், எரிச்சலாகி, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் சுற்றுலா அங்கேயே முடிந்தது. நிழல், தண்ணீர், வீடு. பேச்சு குழறி, கூப்பிட்டால் சரியாகப் பார்க்காமல், உடம்பு தகித்தால் அது வெப்பத் தாக்கு. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருவதற்குள் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மருந்து கொடுத்தாலும் பலனில்லை. காய்ச்சலில் மூளை தானே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதைத்தான் இறக்குகிறது. இங்கே மூளை 37-ஐத்தான் கேட்கிறது, உடம்பால் முடியவில்லை.

அன்றைக்கு ஆலமரத்தடியில் அரை மணி நேரம், ஒரு பாட்டில் தண்ணீர், அம்மாவின் நனைத்த முந்தானை. மகள் மறுபடி வாயடிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த வருஷம் மலையை ஆறரை மணிக்கே முடித்துக்கொண்டோம். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம் போனோம். மகால் கட்டச் செங்கலுக்கு இங்கேதான் மண்ணெடுத்தார்கள் என்பார்கள். ஏழு மணி, சூரியன் இறங்கிவிட்டது, தண்ணீர்ப் பக்கமிருந்து லேசாகக் காற்று. மகள் செருப்பைக் கழற்றிக் கல் படியில் கால் வைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"அப்பத்தா, சூரியச் சாமி தூங்கப் போயிருச்சு, கல்லு மட்டும் ஏன் இன்னும் முழிச்சிருக்கு?"