நீலம் இல்லாத நீலச்செடி

அவுரி இலையைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். பச்சைச் சாறுதான் வரும், நீலத்தின் சாயல்கூட இராது. துணிக்கு நீலம் தந்த செடியிடம் நீலம் இல்லை. இருப்பது இண்டிகான் என்ற நிறமற்ற பொருள்: இண்டாக்சில் என்ற மூலக்கூறு குளுக்கோசோடு பிணைந்தது.

அறுத்த தழையை வாடவிடாமல் தொட்டி நீரில் அமிழ்த்தி, பாரம் ஏற்றி, ஓர் இரவு ஊறவிடுவார்கள். இலையிலுள்ள நொதி பிணைப்பை அறுக்க, இண்டாக்சில் நீரில் இறங்கும். மஞ்சள் கலந்த பச்சையாக வடியும் அந்த நீரை அடுத்த தொட்டிக்கு விட்டபின்தான் உண்மையான பாடு. ஆட்கள் உள்ளே இறங்கி, மணிக்கணக்கில் அடித்துக் கலக்குவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இண்டாக்சில் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகும். முதலில் நீலம் காட்டுவது நுரை. பிறகு நீரில் கரையாத நீலம் வண்டலாக அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, பிழிந்து, கட்டிகளாக அறுத்து உலர்த்துவார்கள்.

கரையாத பொருள் நூலில் எப்படி ஏறும்? தென்னிந்தியச் சாயக்காரர்கள் வேகவைத்த தகரை விதையையும் சுண்ணாம்பையும் சேர்த்து நீலத்தைப் புளிக்கவைத்தார்கள். (தகரையும் அவுரியின் தூரத்து உறவுதான்.) பாக்டீரியாக்களின் வேலையால் நீலம் நிறமிழந்து கரையும். அதில் தோய்த்த நூல் வெளியே வரும்போது பசுமஞ்சள். கண்ணெதிரே, காற்றுப் பட்டு, நீலமாக மாறும். நிறம் பெரும்பாலும் இழையின் மேற்பரப்பிலேயே தங்குவதால்தான் ஜீன்ஸ் முழங்காலில் வெளுக்கிறது.

1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரிச் சாகுபடி சரிந்தது. இன்று திண்டிவனம் பக்கம் அதைப் பயிரிடுகிறார்கள். விதைத்தோல் கடினமானது, மணலோடு தேய்த்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். ஏறத்தாழ மூன்று மாதத்தில், பூக்கும் தறுவாயில் முதல் அறுப்பு. அடிக்கட்டையை மறுதாம்பாகத் துளிர்க்கவிட்டு மீண்டும் அறுக்கலாம். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பயிர்ச்சத்தாக்குவதால் யூரியாச் செலவு குறைவு. ஊறிய சக்கையும் வயலுக்கு நல்ல எரு. நெல்லோடு மாற்றி மாற்றிப் பயிரிட இதைவிட இணக்கமான கூட்டாளியைத் தேடவேண்டியதில்லை என்பேன்.

தலைக்குப் பூசும் அவுரிப்பொடியிலும் இதே கதைதான். மருதாணியின் செம்மைமேல் நீலம் படிந்தால் முடி கருக்கும். ஆனால் இரவே கரைத்துவைத்த கலவை காலையில் உதவாது: நீலம் கிண்ணத்திலேயே பிறந்து முடிந்திருக்கும், முடிக்குள் ஏற அதனால் இயலாது.