மலையிறங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசி

"தேயிலை வரிசை நடுவுல மட்டும் வளைஞ்சு கெடக்குது கண்ணு" என்று அம்மாயி சொன்னபோது, கோத்தகிரி வீட்டில் எல்லோரும் கண்ணாடி பவரைத்தான் சந்தேகப்பட்டோம். புரை ஆபரேஷன் எப்போதோ முடிந்துவிட்டது. படி இறங்குவார், பாதை தவறாமல் நடப்பார். எதிரே நிற்பவர் முகம் மட்டும் கலங்கலாகத் தெரியும். ஓரப் பார்வை நன்றாக இருந்ததால் ஏமாந்துபோனோம்.

விழித்திரையின் நடுவில், ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் அகலத்தில், மாகுலா என்ற மஞ்சள் புள்ளி இருக்கிறது. எழுத்துக் கூட்டுவதும் ஊசியில் நூல் கோப்பதும் அதன் வேலை. அங்குள்ள ஒளியுணர் செல்கள் தினமும் தங்கள் நுனியை உதிர்க்கும். அடியிலுள்ள நிறமிச் செல்கள் அந்தக் குப்பையை விழுங்கிச் செரிக்கும். வயதாக ஆகக் கூட்டுகிற கை தளர்கிறது. மிச்சம் மஞ்சள் திட்டுகளாகப் படிகிறது, ட்ரூசன் என்பார்கள். வயதானால் வரும் இந்த மாகுலா சிதைவு நோயில் இது உலர் வகை. பெரும்பாலானோருக்கு நோய் இந்த வகையிலேயே இருக்கும்.

சிலருக்கு அந்த அடுக்கு திணறிப்போய், வீஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புது ரத்தக் குழாய்களை வரவழைத்துவிடும். அவை ஒழுகும் குழாய்கள். அடைமழையில் மலைவீட்டுச் சுவரில் ஈரம் இறங்கிச் சுண்ணாம்பு உப்புமே, அப்படி விழித்திரை உப்புகிறது. உப்பிய திரையில் விழுகிற நேர்கோடு வளைந்துதானே தெரியும்? அம்மாயிக்கு வந்தது இந்த ஈர வகை. இதில் வாரக்கணக்கில் காத்திருந்தால் நீர் வற்றினாலும் தழும்பு தங்கிவிடும்.

மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒளியை வைத்தே விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் கருவி அது. திரைக்கடியில் நீர் கறுப்பாகத் தேங்கி நின்றது எங்களுக்கே தெரிந்தது.

சிகிச்சை, அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்துவது. மரத்துப்போகச் சொட்டு மருந்து, கிருமி போக அயோடின், இமை மூடாமல் ஒரு கிளிப். கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, லென்ஸிலும் விழித்திரையிலும் படாத இடத்தில் 0.05 மில்லிலிட்டர். சில நொடிதான். ஊசியைவிட அயோடின்தான் எரிந்தது என்றார் அம்மாயி.

இந்த மருந்துகளில் ரானிபிசுமாப் 2006இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றது, அஃப்லிபர்செப்ட் 2011இல். பெவாசிசுமாப் 2004இல் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அதைச் சிறு ஊசிகளாகப் பிரித்துக் கண்ணுக்கும் போடுகிறார்கள். விலை மிகக் குறைவு. இதுவும் ரானிபிசுமாபும் பார்வையைக் காப்பதில் ஏறத்தாழ சமம் என்று 2011இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. பிரிக்கிற இடத்தின் சுத்தம்தான் முக்கியம்.

சிக்கல் ஊசியில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. ரானிபிசுமாப் கண்ணுக்குள் சுமார் 9 நாளில் பாதியாகிவிடும். ஒரு மாதத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். புரதமோ சுரந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி. நீர் வற்றியிருந்தால் அடுத்தது 6 வாரம், பிறகு 8 வாரம் என்று தள்ளிப்போட்டு, சிலருக்கு 12, 16 வாரம்வரை போகலாம். நீர் திரும்பினால் இடைவெளியைச் சுருக்குவார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இந்த முறை ஒரு வரம். ஆனால் "இப்பதான் நல்லாத் தெரியுதே" என்று ஒரு தவணையை விட்டால், இழந்த பார்வை முழுதாகத் திரும்பாமலே போகலாம்.

மலைக்காரர்களிடம் ஒரு குழப்பமும் உண்டு: கண்ணில் ஊசி போட்டால் மலை ஏறக்கூடாதாம். அந்த எச்சரிக்கை, விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பியவர்களுக்கு. கோவை 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே வாயு விரியும், கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். வாயு கரைகிறவரை, அதாவது வகையைப் பொறுத்து சுமார் 2 முதல் 8 வாரம், கீழேயே தங்க வேண்டும். நம் ஊசியில் வாயு இல்லை. அன்றைக்கே பஸ் ஏறலாம். ஆனால் அடுத்த சில நாளில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை மங்கினால் உடனே திரும்ப வேண்டும். அபூர்வம்தான், ஆனால் கிருமித் தொற்று ஒரு நாள்கூடக் காத்திருக்காது.

ஊட்டி கேரட் தின்றால் சரியாகும் என்றவர்களும் உண்டு. உலர் வகையின் நடுக்கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வைட்டமின், துத்தநாக மாத்திரை, நோய் முற்றுகிற வேகத்தைக் குறைக்கும். அதிலிருந்துகூட 2013இல், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, கீரையில் இருக்கும் லூட்டீனைச் சேர்க்கச் சொன்னார்கள். புகைப்பவர்களுக்கு அந்த பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியதே காரணம். ரசத்துக்கும் பொரியலுக்கும் கேரட் போகட்டும். பீடியை விடுவது அதைவிட உருப்படியான காரியம்.

அம்மாயி இப்போது 10 வாரத்துக்கு ஒருமுறை இறங்குகிறார். காலையில் காப்பிக்கு முன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்ப்பார். பிறகு மறு கண். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். போன வாரம் மூன்றாவது கம்பி வளைந்திருக்கிறது என்றார். பதறிப்போய்ப் பார்த்தோம். கம்பியேதான் வளைந்திருந்தது.