நம் பகுதியின் நலத்தை நாமே அளப்போம்

வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன ஒரு நாள், தனியாக வாழும் ஒரு மூதாட்டியிடம் வருமானம், வீட்டின் வகை, குடிநீர் இணைப்பு என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு எழுந்தேன். "இவ்வளவும் கேட்டீங்க. நான் ரெண்டு நாள் வெளியே வரலைன்னா யாராச்சும் வந்து கதவைத் தட்டுவாங்களான்னு கேக்கலியே?" என்றார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

சமூகநலப் பணியில் என் பார்வையை மாற்றிய கேள்வி அதுதான். ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானக் கணக்கிலிருந்து ஊகிக்க முடியாது என்று, அமெரிக்காவுக்கு அந்தக் கணக்கை உருவாக்கிய பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸே 1934-இல் எச்சரித்தார். 1990-இல் வந்த மனித வளர்ச்சிக் குறியீடு ஆயுளையும் கல்வியையும் வருமானத்தோடு சேர்த்தது. பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சிக் குறியீடு இன்னும் தள்ளிப்போய், தூக்க நேரத்தையும் அக்கம்பக்கத்தார் மீதுள்ள நம்பிக்கையையும்கூடக் கேட்கிறது. எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் நாடு முழுவதற்குமான எண், ஒரு தெருவில் என்ன குறை என்று சொல்லாது. அதைத் தெருவில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் 1985 முதலே குடிமக்கள் கூடித் தங்கள் வாழ்க்கைத் தரத்துக்கான அளவுகோல்களைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அதே நாட்டின் சியாட்டில் நகரில் தன்னார்வலர்கள் 1993-இல் வெளியிட்ட அறிக்கையில், ஓடைகளுக்குத் திரும்பி வரும் சால்மன் மீன்களின் எண்ணிக்கையும் ஓர் அளவுகோல். மீன் திரும்புகிறதென்றால் தண்ணீர் பிழைத்திருக்கிறது என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். வெளியூர் நிபுணருக்கு அது முதலில் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், முதல் கூட்டத்துக்குப் படிவத்தோடு போகாதீர்கள். "இங்கே நன்றாக வாழ்வது என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போங்கள்: படுக்கையில் இருப்பவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள். பெண்களோடும் இளையவர்களோடும் தனியாக உட்காருங்கள். பொதுக்கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே பேசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு பத்துப் பதினைந்து கேள்விகளுக்குள் சுருக்குங்கள். எண்ணிப் பார்க்கக்கூடியவை சில, மனநிலையைச் சொல்பவை சில. வாழ்க்கையை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: மிக மோசமான வாழ்க்கை அடிப்படி, அது 0; மிக நல்ல வாழ்க்கை உச்சிப்படி, அது 10. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கும் பழைய முறை இன்றும் எளிதாகப் புரிகிறது.

சராசரியிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் 9 என்றும் ஐந்து பேர் 3 என்றும் சொன்னால் சராசரி 6 வரும். 6-இல் நிற்பவர் ஒருவர்கூட அங்கே இல்லை! அந்த 3 எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்தான் நம் வேலையே இருக்கிறது. அடுத்த ஆண்டும் அதே பருவத்தில், அதே சொற்களில் கேளுங்கள். இல்லையென்றால் ஒப்பிட வழியில்லை.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. மக்களிடம் பதில் வாங்கிப் போகிறவர்கள் பலர் முடிவைச் சொல்லத் திரும்பி வருவதில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். அது தவறு. கொடுத்தவர்களுக்கே முதலில் சொல்ல வேண்டும்.

மூதாட்டியின் கேள்வியை அடுத்த சுற்றில் சேர்த்தோம். முடிவைக் கூட்டத்தில் வாசித்தபோது பெயர்களைச் சொல்லவில்லை. "யாரும் தட்ட மாட்டார்கள்" என்ற பதில் தெருவுக்கு எத்தனை என்று மட்டும் சொன்னோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எங்க தெருவுல காலையில ஒரு சுத்து நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், தன் தெருவின் எண்ணை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.