மாறுகண்ணுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை: காப்பீட்டில் கிடைக்குமா?

"தம்பி, இது ஒருமுறைதான் கிடைக்குமாமே, உண்மையா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார். எங்கள் தெருக்காரர். மகளுக்கு 5 வயதில் மாறுகண் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அப்போது இடக்கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தது. சிகிச்சைக்குப் பிறகு எடுத்த பள்ளிக்கூடப் படங்களில் கண் நேராகத்தான் இருக்கிறது. இப்போது 17 வயது. அதே கண் வெளிப்பக்கமாக விலகுகிறது. வெயிலில் இறங்கினால் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறாள். காப்பீட்டு அட்டையை ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, இனி கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி ஒன்றரை ஆண்டு சும்மா இருந்துவிட்டார்கள்.

அப்படி ஒரு விதி கிடையாது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆண்டு மாறினால் வரம்பு புதிதாகத் தொடங்கும். ஒரு நோய்க்கு ஒருமுறைதான் என்ற கணக்கு அதில் இல்லை. 2018 முதல் இந்தத் திட்டத்தோடு இணைந்து நடக்கும் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் மாறுகண் திருத்தம் இரண்டு வகையாக இருக்கிறது: இரண்டு தசைகள் வரை ஒன்று, மூன்றும் அதற்கு மேலும் என்றால் மற்றொன்று. எத்தனை தசைகள் என்பதுதான் அங்கே கேள்வி. எத்தனையாவது முறை என்பது அல்ல.

கண் மறுபடி விலகினால் முதல் மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்றோ, பெற்றோர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றோ முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. உள்நோக்கித் திரும்பிய கண் என்றால் மூக்குப் பக்கத் தசையைப் பின்னுக்கு நகர்த்தித் தைப்பார்கள். தேவைப்பட்டால் வெளிப்பக்கத் தசையைக் குறுக்குவார்கள். கண்ணை நேராக வைத்துவிடலாம், ஆனால் அதை நேராகவே பிடித்து வைத்திருப்பது மூளையின் வேலை. இரண்டு கண்களின் காட்சியையும் ஒன்றாகச் சேர்க்கும் திறன் சிறு வயதிலேயே வளராமல் போனால், அல்லது ஒரு கண்ணில் பார்வை குறைவாக இருந்தால், பத்து இருபது ஆண்டுகள் கழித்துக்கூட கண் எதிர்ப்பக்கம் நகரலாம். தைத்த இடத்துத் தழும்பு நீண்டு தசை தளர்வதும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள் கண் ஒரு பக்கமாக அசையவே மறுத்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. தைத்த தசை நழுவியிருக்கலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மற்றபடி கோணம் ஒரே அளவில் நிற்கிறதா என்று சில மாதங்கள் அளந்து பார்த்த பிறகுதான் மறு அறுவையை முடிவுசெய்வார்கள்.

யார் சேரலாம்? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவுசெய்வார்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இது முகாமில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது என்பதால் சொல்லிவைக்கிறேன். அட்டை இல்லாதவர்களுக்கும் அரசு மருத்துவமனையின் கதவு திறந்தேதான் இருக்கிறது. சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் நேராகக் காப்பீட்டுப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருத்துவர் எழுதும் குறிப்பை வைத்து அவர்களே முன் அனுமதி கேட்பார்கள். அனுமதி வந்த சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

அந்தப் பெண்ணின் முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணத்தைத்தான் சொல்ல வேண்டும். கோரிக்கைத் தாளில் "தோற்றத்துக்காக" என்று ஒரு சொல் இருந்தது. அழகுக்கான சிகிச்சைகளுக்கு இந்தத் திட்டங்களில் இடமில்லை. மாறுகண் விஷயத்தில் அந்தச் சொல்லை எழுதுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் குழந்தையைக் காலாகாலத்தில் மருத்துவரிடம் காட்டாமல் விடுகிறோம். வளர்ந்த பிறகு வந்தால் அழகுக்காக என்கிறோம். மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வு அறிவிப்பில் மாறுகண் இருக்கக் கூடாது என்று அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். வேலையையே தடுக்கும் ஒன்று எப்படி வெறும் அழகுப் பிரச்சினை ஆகும்?

ஆகவே மருத்துவரிடம் உள்ள தொந்தரவு எல்லாவற்றையும் சொல்லுங்கள். இரட்டையாகத் தெரிகிறதா, படிக்கும்போது வரிகள் ஓடுகின்றனவா, தலையைச் சாய்த்துப் பார்க்கிறீர்களா, மாலையில் தலைவலி வருகிறதா, படியிறங்கும்போது தடுமாற்றம் உண்டா? இல்லாததைச் சொல்ல வேண்டாம், இருப்பதை விட்டுவிடவும் வேண்டாம். அந்தப் பெண் கரும்பலகை எழுத்து சில நேரம் இரண்டாகத் தெரிவதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதுவும், பிரிசம் என்ற பட்டகக் கண்ணாடியை வைத்து அளந்த விலகல் கோணமும் சேர்ந்து போன இரண்டாவது விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

இனி அந்த மஞ்சள் உறைக்கு வருவோம். தடுப்பூசி அட்டை, கண்ணாடிக் கடை ரசீதுகள், இவற்றுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பில் கிழிந்து, எழுத்து வெளிறியிருந்தது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. எந்தக் கண், எந்த இரண்டு தசைகள், எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் கையால் எழுதியிருந்தது. மறு அறுவை செய்யும் மருத்துவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கண்ணின் முன்பகுதிக்குப் போகும் இரத்தத்தில் பெரும்பகுதி, ஆறு தசைகளில் நேர்த்தசைகள் எனப்படும் நான்கின் வழியாகத்தான் செல்கிறது. முன்பே வெட்டப்பட்டவை எவை என்று தெரியாமல் மேலும் தசைகளைத் தொட்டால் இரத்த ஓட்டம் குறையும் ஆபத்து இருக்கிறது. தாள் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். தழும்பைப் பார்த்தும், அறுவையின்போதே தசையைத் தேடியும் அனுபவமுள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நேரம் கூடும், அறுவைக்குப் போட்ட திட்டம் அறுவை மேசையிலேயே மாறவும் கூடும்.

உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நகல் உங்கள் உரிமை, சலுகை அல்ல. ஆனால் 12 ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பதிவேடு இருக்கும் என்ற உறுதி இல்லை.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசித் தாளில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அழகு அறுவை விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பையும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சையையும் தவிர மற்றவற்றை இந்த விலக்கைக் காட்டி மறுப்பார்கள். மற்றொன்று, முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம். 2024 முதல் இது 36 மாதங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. பாலிசி எடுக்கும்போதே பழைய அறுவையைத் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும்போது கண்ணைக் காட்டலாம். அவர்கள் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

அறுவை முடிந்து அந்தப் பெண் வீடு திரும்பும் நாளில் அவளுடைய அம்மா காப்பீட்டுப் பிரிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி வார்டுக்குப் போய் அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கினார். அங்கேயே நின்று கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தார். பிறகு தாளை மடிக்காமல் உறைக்குள் வைத்தார்.