டெக்ஸ்சர் எண்ணை நம்பி டிரைவரைக் குறை சொல்லாதீர்கள்

"திரையில் பொருள்களெல்லாம் கறுப்பாகத் தெரிகின்றன, வேறொரு கிராபிக்ஸ் கார்டில் சரியாக வருகிறது, ஆகவே உங்கள் டிரைவரில்தான் பிழை" என்ற முறையீடு கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதும் என்னிடம் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. எந்த யூனிட்டில் (டெக்ஸ்சரைப் பொருத்தும் எண்ணிட்ட இடம்) எந்த டெக்ஸ்சர் (பொருளின்மேல் போர்த்தும் படம்) இணைந்திருக்கிறது என்று, மீண்டும் இணைக்கும் அழைப்புகளை மிச்சப்படுத்துவதற்காக, நிரல் தன் பக்கத்தில் குறித்துவைத்திருந்த பட்டியலே மூன்றிலும் காரணம்.

நிரல்கள் டிரைவரிடம் படம் வரையச் சொல்லப் பயன்படுத்தும் இடைமுகமான ஓப்பன்ஜிஎல் தரும் டெக்ஸ்சர் எண், விடுதி அறை எண்ணைப் போன்றது. ஒருவர் காலிசெய்த 7-ஆம் அறை அடுத்து வருபவருக்கும் கிடைக்கலாம். டெக்ஸ்சர் 7-ஐ நீங்கள் அழித்தவுடன், அந்த கான்டெக்ஸ்ட்டில் (நிரலின் ஓப்பன்ஜிஎல் நிலைகளை வைத்திருக்கும் தொகுப்பு) அது இணைந்திருந்த எல்லா யூனிட்டுகளையும் டிரைவர் 0-க்கு, அதாவது உங்கள் டெக்ஸ்சர் எதுவும் இணையாத நிலைக்கு, மாற்றிவிடுகிறது. உங்கள் பட்டியலோ "யூனிட் 3-இல் 7" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. பிறகு உருவாகும் டெக்ஸ்சருக்கும் அதே 7 கிடைத்து, அதன் படம் யூனிட் 0 வழியாக ஏற்றப்பட்டு, வரையும் நேரம் வரும்போது, "7 ஏற்கெனவே இருக்கிறதே" என்று நிரல் யூனிட் 3-இல் இணைப்பதைத் தவிர்த்துவிடுகிறது. அழித்த எண்ணை மீண்டும் வழங்க விதி அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. மற்றொரு கார்டின் டிரைவர் வேறு எண்ணைத் தந்திருக்கும்; அங்கே சரியாக வந்ததன் இரகசியம் இவ்வளவுதான்.

இத்தனையும் எதற்காக? ஒவ்வொரு இணைப்பு அழைப்பும் ஹார்டுவேருக்கு நேரே போகிறது என்ற தவறான எண்ணத்துக்காக. பொதுவாக டிரைவர் அப்போது "மாறியது" என்ற குறியை மட்டும் இட்டுவைத்து, வரையும் கட்டளை வரும்போதுதான் நிலையைச் சரிபார்த்து அனுப்புகிறது. திறந்த மூல டிரைவர் தொகுப்பான மேசாவின் மூல நிரலைத் திறந்து பாருங்கள்: ஒரே கான்டெக்ஸ்ட் இருக்கும்போது, இணைந்திருக்கும் டெக்ஸ்சரையே மீண்டும் இணைத்தால் அது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். நீங்கள் மிச்சப்படுத்த நினைத்ததில் பெரும்பகுதியை டிரைவரே மிச்சப்படுத்துகிறது.

டிரைவர் எழுதும் நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லர். மிப்மேப் (ஒரே டெக்ஸ்சரின் படிப்படியாகச் சிறிதாகும் நகல்கள்) உருவாக்கும் உள்வேலை ஒன்றில், இணைப்பு அழைப்புகள் போய்ச்சேரும் நடப்பு யூனிட்டைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்து இரண்டு நாள் அலைந்தவன் நான்.

பட்டியல் வேண்டும் என்று அடம்பிடித்தால், டெக்ஸ்சரை அழிக்கும்போது அதன் எண்ணை எல்லா யூனிட்டுகளிலிருந்தும் நீக்குங்கள். ஒரே யூனிட்டில் 2டி டெக்ஸ்சருக்கும் கியூப் மேப்புக்கும் (கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கான படங்கள்) தனித்தனி இணைப்பு உண்டு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். கான்டெக்ஸ்ட்டுக்கு ஒரு பட்டியல் வையுங்கள், ஏனெனில் ஒன்றில் அழித்த டெக்ஸ்சர் மற்றொன்றில் இணைந்தே இருக்கும். வெளி நூலகம் எதுவும் வரைந்து முடித்தபின் பட்டியலை முழுவதும் செல்லாததாக்குங்கள். 2014-இல் வந்த ஓப்பன்ஜிஎல் 4.5 பதிப்பு கிடைத்தால், யூனிட் எண்ணை நேரடியாகப் பெறும் ஜிஎல்பைண்ட்டெக்ஸ்சர்யூனிட் (glBindTextureUnit) அழைப்பைப் பயன்படுத்துங்கள். அது நடப்பு யூனிட்டைத் தொடுவதே இல்லை.

முறையீட்டை அனுப்புமுன், தயவுசெய்து, பட்டியலை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். படம் சரியாக வந்தால் எனக்கு எழுத வேண்டியதில்லை.