மே மாதத்தில் வீடு பார்க்காதீர்கள்

"அக்கா, ஆத்தோரமா ஒரு வீடுக்கா. ஜன்னலைத் திறந்தா தண்ணிச் சத்தம் கேக்குது!"

இங்கிலாந்தில், ஹெரிஃபர்ட் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து ஏழு மாதமே ஆன பெண். மே மாதம், வெயில், ஆப்பிள் தோப்பெல்லாம் பூத்துக் கிடக்கிற நேரம். நான் போஸ்ட்கோடை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஹெரிஃபர்ட்ஷயரில் வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டர் நான். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பதுபோல் இங்கே 'சர்ச்' (தேடல்) போடுவோம். ஆனால் கிராமத்து வீட்டில் பாதி விஷயம் காகிதத்தில் வராது, நேரில் போனால்தான் தெரியும். அதுவும் நவம்பரில், இருட்டிய பிறகு.

அந்த வீடு லக் ஆறு வை ஆற்றோடு கலக்கும் பக்கம் இருந்தது. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது, வை ஆறு ஹெரிஃபர்டில் அதுவரை பதிவாகாத உயரத்துக்கு ஏறியது. பக்கத்தில் ஹாம்ப்டன் பிஷப் கிராமத்தில் மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. எந்த இடத்துக்கு எவ்வளவு வெள்ள அபாயம் என்று அரசு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. இதைப் பார்க்காமலேயே விலை பேசி முடித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

புது வீடு என்றால் பயமில்லை என்று நினைப்போம். வெள்ளக் காப்பீடு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க 2016 முதல் 'ஃப்ளட் ரீ' என்ற திட்டம் இருக்கிறது, ஆனால் 2009 முதல் கட்டிய வீடுகள் அதில் சேராது. காப்பீடு இல்லையென்றால் வங்கிக் கடனும் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் வாசல் சாலை முங்கினால் நைட் ஷிஃப்டுக்கு எப்படிப் போவது? அதை எந்த சர்ச்சும் சொல்லாது. பக்கத்து வீட்டுக் கிழவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

அடுத்து கழிவுநீர். பல கிராமங்களில் பொதுச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். டேங்கிலிருந்து நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ நீரை விடுவது 2020 ஜனவரி முதல் கூடாது. விற்பவர் அதைச் சரிசெய்யாமல் தலையில் கட்டினால் பல ஆயிரம் பவுண்டு செலவு உங்களுடையது. டேங்க் எங்கே இருக்கிறது, யார் நிலத்தில், யாரோடு பொதுவில், கடைசியாக எப்போது காலி செய்தார்கள் என்று நான் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

குழாய் எரிவாயுவும் பெரும்பாலும் இல்லை. தோட்டத்து மூலையில் எண்ணெய்த் தொட்டி இருக்கும், லாரியில் வந்து நிரப்புவார்கள். பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து தர மாட்டார்கள், மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும். எரிவாயு, மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைக்கும் விலை வரம்பு இந்த எண்ணெய்க்குக் கிடையாது. வெப்லி, பெம்பிரிட்ஜ் பக்கத்துக் கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகளைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்வேன்: அவற்றில் பல பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், அனுமதி இல்லாமல் ஜன்னல் மாற்றினால் கிரிமினல் குற்றம். படத்துக்கு அழகுதான்.

இந்த மாவட்டம் முழுவதற்கும் ரயில் நிலையம் நான்கே: ஹெரிஃபர்ட், லெம்ஸ்டர், லெட்பரி, கால்வால். ராஸ்-ஆன்-வை எவ்வளவு பெரிய ஊராகத் தெரிந்தாலும் அங்கே 1964க்குப் பிறகு பயணிகள் ரயில் இல்லை. பல கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் கிடையாது. இந்திய, இலங்கை உரிமத்தில் ஓட்ட இங்கு குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அனுமதி. அதற்குள் இங்கே தேர்வு எழுதித் தேறாவிட்டால், மனைவி வேலைக்குப் போன பிறகு கணவரும் குழந்தையும் நாலு சுவருக்குள்தான். அப்படி ஒரு வீட்டில் டிசம்பர் மாலை நான்கு மணிக்கு இருட்டும்போது உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பர்மிங்ஹாம் பக்கத்து டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போய் வருவதே அவர்களுக்கு மாதத்துக்கு ஒரு திருவிழா.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தகுந்த பள்ளி இரண்டு மைலுக்கு மேல் இருந்தால் கவுன்சில் இலவச வாகனம் தரும். ஆனால் அருகிலுள்ள பள்ளியை விட்டு நீங்களாக வேறொன்றைத் தேர்ந்தால் பொதுவாகத் தராது. ஆரம்பப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஜனவரி 15 கடைசி நாள்.

அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு குளிர்காலம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள் என்கிறேன். எனக்கு வர வேண்டிய கட்டணம் தள்ளிப்போகிறது, பரவாயில்லை.

அந்தப் பெண்ணுக்கு முதலில் என்மேல் வருத்தம்தான். லெம்ஸ்டரில் ஸ்டேஷன் பக்கமாக வாடகைக்குப் போனார்கள். போன வாரம் மறுபடி போன்: "அக்கா, இது மேட்டுல இருக்குக்கா. ஆனா டேங்க் பக்கத்து வீட்டோட பொதுவாம்." எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒன்பது கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.